புது ஸ்பீக்கர் வாங்குமுன் பழையதை நகர்த்திப் பாருங்கள்

கடையில் எந்தச் சரக்கை எங்கே வைப்பது என்பது வியாபாரிக்குச் சொல்லித் தர வேண்டிய விஷயமல்ல. உப்பு மூட்டை ஈரம் படாத ஓரத்தில் இருக்கும். தேயிலையும் வாசனைச் சோப்பும் ஒரே அலமாரியில் சேராது. அடிக்கடி கேட்கும் பொருள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும். இடம் தவறினால் நல்ல சரக்கும் கெட்டுப்போகும் என்பதை அனுபவத்தில் அறிந்தவர்கள் நாம்.

அதே நாம் வீட்டுக்கு வந்ததும் என்ன செய்கிறோம்? ஆயிரக்கணக்கில் பணம் போட்டு வாங்கிய ஸ்பீக்கர் பெட்டிகளை, எந்த மூலை காலியாக இருக்கிறதோ அங்கே தள்ளி வைக்கிறோம். ஒன்று பீரோவின் தலையில், மற்றொன்று ஜன்னல் திட்டில். இல்லாவிட்டால் இரண்டையும் ஷோகேஸுக்குள், கொலு பொம்மைக்கும் பிள்ளைகள் வாங்கிய கோப்பைக்கும் நடுவே செருகிவிடுகிறோம். பிறகு "டம் டம் என்று இரைகிறது, பாட்டில் ஒரு வார்த்தை புரியவில்லை" என்று சலித்துக்கொண்டு, இன்னும் பெரிய செட் வாங்கக் கிளம்புகிறோம். இரவு பத்து மணிக்குக் கல்லாவைப் பூட்டிவிட்டு வருபவருக்குப் பாட்டுக் கேட்க அரை மணி நேரம் கிடைத்தால் பெரிது. அந்த அரை மணியும் இரைச்சலாகப் போனால் எரிச்சல் வருவது இயற்கைதான்.

எனக்குத் தெரிந்த அரிசி மண்டிக்காரர் ஒருவர் இப்படித்தான் 35,000 ரூபாயைத் தனியே எடுத்து வைத்திருந்தார். பழைய செட்டுக்கு ஏதாவது விலை கிடைக்குமா என்று பார்க்க ரேடியோ மெக்கானிக்கை வீட்டுக்கு அழைத்தார். வந்த பையன் பெட்டிகளைத் திறக்கக்கூட இல்லை. ஷோகேஸைப் பார்த்தான், சோபாவைப் பார்த்தான். "அண்ணாச்சி, பெட்டியை மாத்துறதுக்கு முன்னாடி இடத்தை மாத்திப் பார்த்திரலாமா?" என்றான். இரண்டு ஸ்டூல் கொண்டுவரச் சொல்லி, பெட்டிகளைச் சுவரிலிருந்து இரண்டடி வெளியே வைத்தான். சோபாவையும் பின்சுவரிலிருந்து நகர்த்தினான். அரை மணி நேர வேலை. அண்ணாச்சி அந்த 35,000 ரூபாயைச் செட்டுக்குச் செலவழிக்கவில்லை. அதே பெட்டிகளில்தான் இன்றும் பாட்டுக் கேட்கிறார்.

இதில் மாயம் எதுவும் இல்லை. நாம் காதில் கேட்பது ஸ்பீக்கரை மட்டுமல்ல, அறையையும் சேர்த்துத்தான். பெட்டியிலிருந்து நேராக நம் காதுக்கு வரும் ஒலி ஒரு பங்கு. தரை, கூரை, நான்கு சுவர்கள் ஆகியவற்றில் மோதித் திரும்பி வரும் ஒலி மற்றொரு பங்கு. பெட்டியை மாற்றினால் முதல் பங்குதான் மாறும். அறை அப்படியே இருந்தால் அதன் கோளாறும் அப்படியே இருக்கும்.

மெத்தைகளை எண்ணிய பேராசிரியர்

அறைக்கும் ஒலிக்கும் உள்ள கணக்கை முதலில் ஒழுங்காகப் போட்டவர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்த வாலஸ் சபைன். 1895-ல் அங்கே ஃபாக் கட்டடத்தில் ஒரு விரிவுரை மண்டபம் புதிதாக இருந்தது. பேசுபவர் ஒரு சொல்லை முடித்து ஐந்து விநாடிக்கு மேல் ஆகியும் அது மண்டபத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். அடுத்த சொற்கள் அதன்மேல் ஏறி, எதுவுமே புரியாது. இதைச் சரிசெய்யும் பொறுப்பு இளைஞரான சபைனிடம் வந்தது.

அவர் பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து மண்டபத்தில் அடுக்கினார். ஓர் ஆர்கன் குழாயை ஊதி நிறுத்தி, ஒலி அடங்க எத்தனை விநாடி ஆகிறது என்று கடிகாரம் வைத்துக் குறித்தார். இன்னும் சில மெத்தைகளைச் சேர்த்து மறுபடியும் குறித்தார். விடிவதற்குள் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்! நாம் இருப்புச் சரக்கை எண்ணுவதுபோல மெத்தை எண்ணி மெத்தை எண்ணித்தான், அறையின் கன அளவும் அதிலுள்ள மெத்தென்ற பொருள்களும் எதிரொலியை எப்படித் தீர்மானிக்கின்றன என்ற சூத்திரத்தை அவர் கண்டார். 1900-ல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்பொனி ஹால் அந்தக் கணக்கின் உதவியோடு கட்டப்பட்டது. ஒலிக்குப் பேர்போன அரங்குகளில் அது ஒன்று.

சபைன் சொன்னதைச் சோதிக்க நமக்கு ஹார்வர்டு வேண்டாம். சரக்கு வருவதற்கு முன் காலி கோடவுனில் நின்று ஆளைக் கூப்பிட்டுப் பாருங்கள். குரல் உங்களுக்கே திரும்பி வரும். அதே கோடவுனில் அரிசி மூட்டைகள் கூரை வரை ஏறிய பிறகு கூப்பிடுங்கள். குரல் சட்டென்று அடங்கிவிடும். சிமெண்ட் சுவரும் மொசைக் தரையும் ஒலியைத் திருப்பி அடிக்கின்றன, சாக்கும் தானியமும் அதை விழுங்குகின்றன. நம் வீட்டு ஹால் பெரும்பாலும் காலி கோடவுன் ஜாதி. டைல்ஸ் தரை, பூசிய சுவர், கண்ணாடி ஜன்னல், ஸ்டீல் பீரோ. ஹால் நடுவில் நின்று ஒருமுறை கையைத் தட்டுங்கள். தட்டிய பிறகு "ட்ரிங்" என்று ஒரு வால் நீண்டால், பாட்டின் ஒவ்வொரு சொல்லுக்கும் அந்த வால் ஒட்டிக்கொண்டு வருகிறது என்று பொருள்.

மூலையின் குணம்

மெல்லிய ஒலிக்கும் கனத்த ஒலிக்கும் நடத்தை வேறு. ஜால்ராவின் ஒலி டார்ச் வெளிச்சம்போல நேராகப் போகும். தவிலின் தொப்பிப் பக்கத்து ஒலியும் பேஸ் கிட்டாரின் ஒலியும் பெட்டிக்கு முன்னால் மட்டும் போகாமல் நாலாபுறமும், பின்னாலும் பரவும். பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்தால், பின்னால் போக வேண்டிய அந்தக் கனத்த ஒலியும் சுவரில் பட்டு முன்னால் வந்து சேரும். இரண்டு சுவரும் தரையும் கூடும் மூலையில் வைத்தால் அது மேலும் பெருகும். ஓசை கூடிவிட்டதே என்று முதலில் சந்தோஷமாக இருக்கும். ஆனால் கூடியது ஒரு பகுதி மட்டும்தான். பாடுபவரின் குரல் அப்படியே இருக்க, அதன்மேல் கனத்த ஒலி வந்து மூடிக்கொள்ளும்.

மூலைக்கென்றே செய்த பெட்டியும் உலகில் உண்டு. அமெரிக்காவில் பால் கிளிப்ஷ் என்பவர் 1940களில் வடிவமைத்த கிளிப்ஷார்ன் பெட்டி, அறையின் மூலைச் சுவர்களையே தன் குழலின் ஒரு பாகமாகப் பயன்படுத்திக்கொள்ளும். நம் வீட்டில் இருக்கும் பெட்டிகள் அந்த வகையல்ல. பின்பக்கத்தில் வட்டத் துளை உள்ள பெட்டியானால் சுவருக்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளியாவது அவசியம். ஷோகேஸுக்குள் வைத்தால் பெட்டிக்கு அதுகூடக் கிடைக்காது. கூடவே கண்ணாடிக் கதவும் பொம்மைகளும் சேர்ந்து அதிரும்.

அடுத்த தொல்லை சதுர அறை. நம் ஊரில் பத்துக்குப் பத்து அறை சகஜம், கூரையும் பத்தடி உயரத்திலேயே இருக்கும். ஒலி நம் ஊர் வெயிலில் நொடிக்குச் சுமார் 1,140 அடி போகிறது. பத்தடி இடைவெளியில் எதிரெதிரே இரண்டு சுவர்கள் இருந்தால், நொடிக்கு 57 முறை அதிரும் ஒலி அவற்றுக்கிடையே ஊஞ்சல்போல ஆடத் தொடங்கும். அந்த ஒலியின் அலை நீளம் 20 அடி, அறை அதில் சரிபாதி என்பதே காரணம். நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடியானால் மூன்று ஊஞ்சலும் ஒரே தாளத்தில் ஆடும். பேஸ் கிட்டாரின் தாழ்ந்த தந்தி நொடிக்கு 41 அதிர்வில் தொடங்குகிறது. ஆகவே அது வாசிக்கும் ஸ்வரங்களில் 57-க்குப் பக்கத்தில் விழுவது மட்டும் இடிபோலக் கேட்கும், அக்கம்பக்கத்து ஸ்வரங்கள் அமுங்கிவிடும். எத்தனை விலையுயர்ந்த பெட்டியைக் கொண்டுவந்தாலும் அந்த அறை இந்த வேலையைச் செய்தே தீரும். எனவே வீட்டில் தேர்ந்தெடுக்க வசதியிருந்தால், சதுர அறையை விட்டுவிட்டு நீளவாட்டு ஹாலையே பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஊஞ்சல் ஒலி சுவரோரத்தில் மிக அதிகமாகவும் அறையின் நட்டநடுவில் மிகக் குறைவாகவும் இருக்கும். பின்சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்பவருக்கு இரைச்சலும், சரியாக நடு அறையில் நாற்காலி போட்டவருக்குச் சப்பென்ற ஒலியும் கிடைப்பது இதனால்தான். பின்சுவரிலிருந்து அறை நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி உட்கார்ந்து பாருங்கள். பல அறைகளில் அது நல்ல இடமாக அமைகிறது.

ஏன் இரண்டு பெட்டி?

ஸ்டீரியோ என்பதற்காகத்தான் இரண்டு பெட்டி வாங்குகிறோம். அதைக் கண்டுபிடித்தவர்களில் முதன்மையானவர் இங்கிலாந்தின் ஆலன் பிளம்லைன். சினிமாத் திரையில் ஆள் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நடந்தாலும் குரல் ஒரே இடத்திலிருந்து வருவதைக் கண்டு அவருக்கு இந்த எண்ணம் தோன்றியதாகச் சொல்வார்கள். 1931 டிசம்பரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இரண்டு காதுக்கும் ஒலி வரும் விதத்தைச் சரியாக அமைத்தால், பெட்டியே இல்லாத நடு இடத்திலிருந்து பாடகர் பாடுவதுபோலக் கேட்கச் செய்யலாம் என்பதே இதன் சாரம். கச்சேரி மேடையில் நடுவே பாடகர், ஒரு பக்கம் வயலின், மறு பக்கம் மிருதங்கம் என்று உட்கார்ந்திருப்பதைக் கண்ணை மூடிக்கொண்டே உணர முடியும்.

அதற்கு ஒரே நிபந்தனை, இரண்டு பெட்டிகளும் நம்மிடமிருந்து சம தூரத்தில் இருக்க வேண்டும். ஒலி ஒரு அடி கடக்க ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு நொடி ஆகிறது. ஒரு பெட்டி ஓரடி பக்கத்தில் இருந்துவிட்டால் அதன் ஒலி அவ்வளவு நேரம் முந்தி வரும். முந்தி வரும் ஒலியின் திசையையே காது நம்புகிறது. ஜெர்மனியின் ஹெல்முட் ஹாஸ் 1949-ல் இதை விரிவாக ஆராய்ந்ததால் இதற்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஒரு பெட்டி பீரோ மேலும் மற்றது நான்கடி தள்ளி ஜன்னலிலும் இருந்தால், இரண்டு பெட்டிக்குக் கொடுத்த காசில் ஒரு பெட்டியின் பலன்தான் கைக்கு வருகிறது.

வேலையைத் தொடங்குவோம்

கடை விடுமுறை நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். டேப், சாக்பீஸ், கைக்கு ஒரு பையன் போதும்.

முதலில் செட்டை அணைத்துவிட்டு வயரைப் பாருங்கள். ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு முனையிலிருந்து வரும் வயர் பெட்டியின் சிவப்பு முனைக்கும், கறுப்பு கறுப்புக்கும் போக வேண்டும். ஒரு பெட்டியில் மட்டும் இது மாறியிருந்தால், ஒன்று காற்றை முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். கனத்த ஒலி ஒன்றையொன்று அழித்துக்கொண்டு காணாமல் போகும், குரலும் நடுவில் நிற்காமல் அலையும். நான் பார்த்த வீடுகளில் இந்தத் தவறு அடிக்கடி உண்டு. வெள்ளையடிக்கும்போது வயரைக் கழற்றிய ஆள் மறுபடி மாட்டும்போது நிறத்தைக் கவனிப்பதில்லை.

நீளவாட்டு ஹாலானால் குட்டைச் சுவர்ப் பக்கம் பெட்டிகளை வைத்து, நீளவாக்கில் பார்த்தபடி இருக்கச் செய்யுங்கள். சுவரிலிருந்து இரண்டடி வெளியே, இரண்டு பெட்டிக்கும் இடையே ஆறு அல்லது ஏழடி. உங்கள் நாற்காலிக்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் அதே ஆறு, ஏழடி. அதாவது மூன்று பக்கமும் சமமான முக்கோணம், அதில் ஒரு முனையில் நீங்கள். பக்கச் சுவரிலிருந்தும் முடிந்தவரை தள்ளியே வையுங்கள்.

உயரம் முக்கியம். பெட்டியில் உள்ள சின்ன ஸ்பீக்கர், ட்வீட்டர் என்பது, உங்கள் காது மட்டத்தில் இருக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து கேட்பவருக்கு அது மூன்று, மூன்றரை அடி. பாய் விரித்து உட்காருபவருக்கு ஏறக்குறைய இரண்டரை அடிதான். ஆசாரியிடம் ஸ்டாண்டு செய்யச் சொல்லும் முன் உட்காரும் பழக்கத்தைப் பார்த்து அளவு கொடுங்கள். ஸ்டாண்டு ஆடக்கூடாது. ஆடாத ஸ்டூலும் அதன்மேல் பெட்டிக்கடியில் நான்கு ரப்பர் துண்டும் தாராளமாகப் போதும்.

இப்போது ரேடியோச் செய்தி வாசிப்பைப் போடுங்கள். பாட்டு வேண்டாம், பேச்சுதான் நல்ல எடைக்கல். வாசிப்பவர் குரல் இரண்டு பெட்டிக்கும் சரிநடுவில், காற்றில் ஒரு புள்ளியிலிருந்து வர வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் தூரத்தை மறுபடி டேப் பிடித்துப் பாருங்கள். குரல் பானைக்குள்ளிருந்து வருவதுபோலக் கனத்தால் பெட்டிகளை இன்னும் அரை அடி முன்னே இழுங்கள். மெலிந்து போனால் கொஞ்சம் பின்னே தள்ளுங்கள். பிறகு பெட்டிகளின் முகத்தைச் சற்றே உங்கள் பக்கம் திருப்புங்கள். குரல் கூர்மையாகும் வரை திருப்பி, காதை உறுத்தினால் பாதி திருப்பத்தில் நிறுத்திக்கொள்ளலாம். முடிந்ததும் பெட்டி நிற்கும் இடத்தைச் சாக்பீஸால் குறித்துவிடுங்கள்.

பெட்டி ஹாலின் நடுப்பக்கம் வந்து நின்றால் பெருக்குபவருக்கு இடைஞ்சல், குழந்தைகள் இடித்துத் தள்ளும் என்ற ஆட்சேபம் வீட்டில் எழும். நியாயமானதுதான். பகலில் சுவரோரம் தள்ளிவைத்துவிட்டு, இரவில் கேட்கும்போது மட்டும் குறியிட்ட இடத்துக்கு இழுத்துக்கொள்ளலாம். சாக்பீஸ் குறி துடைத்தால் போய்விடும், தரையில் சின்ன பெயிண்ட் பொட்டு வைத்தால் நிற்கும்.

எதிரொலிக்கு மருந்தும் வீட்டிலேயே இருக்கிறது. பெட்டிக்கும் நாற்காலிக்கும் இடையே வெறுந்தரையில் ஒரு கனத்த ஜமக்காளம். பக்கச் சுவரில் எங்கே துணி தொங்கவிடுவது என்பதற்கு ஒரு எளிய வழி உண்டு. நீங்கள் நாற்காலியில் அமர்ந்துகொண்டு, பையனை முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரோடு வைத்து மெல்ல நகர்த்தச் சொல்லுங்கள். கண்ணாடியில் எந்த இடத்தில் ஸ்பீக்கர் தெரிகிறதோ, அங்கேதான் ஒலியும் பட்டுத் திரும்புகிறது. அந்த இடத்தில் மடிப்பு வைத்த கனத்த திரையோ, கண்டபடி அடுக்கிய புத்தக அலமாரியோ வரலாம். முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டுவதாகச் சிலர் யோசனை சொல்வார்கள். அதனால் பலன் மிகச் சொற்பம், தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. முட்டை அட்டை முட்டைக்கே இருக்கட்டும்.

வாட்ஸ் கணக்கு

இத்தனைக்கும் பிறகு புதுசுதான் வேண்டுமென்றால் அட்டையில் உள்ள வாட்ஸ் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். 20 வாட்ஸை 40 வாட்ஸ் ஆக்கினால் ஒலி இரட்டிப்பாகாது, 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு அது ஒரு சிறு ஏற்றம், அவ்வளவே. இரட்டிப்பாகக் கேட்கிறது என்று தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் தேவை. பி.எம்.பி.ஓ. என்று போட்டு ஆயிரக்கணக்கில் எண் அச்சிடும் வழக்கம் 1990களில் கொடிகட்டிப் பறந்தது, சில மலிவு செட்களில் இன்னும் தொடர்கிறது. அந்த எண்ணுக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட அளவுமுறை எதுவும் கிடையாது. முத்திரை குத்தாத எடைக்கல்லை நாம் கடையில் வைத்தால் அபராதம், அவர்களோ அட்டையிலேயே அச்சடிக்கிறார்கள்! ஆர்.எம்.எஸ். வாட்ஸ் எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள்.

சின்ன அறைக்குச் சின்னப் பெட்டியே பொருத்தம். இங்கிலாந்தின் பி.பி.சி. 1970களில் வெளிப்புற ஒலிபரப்பு வேன்களுக்குள் வைத்துக் கேட்க எல்.எஸ். 3/5ஏ என்ற ஒரு சிறு பெட்டியை வடிவமைத்தது. ஒரு அடி உயரம்தான். குரலைத் தெளிவாகத் தருவதற்காக இசைப் பிரியர்கள் அதை இன்றும் தேடி வாங்குகிறார்கள்.

புளூடூத் பெட்டி ஒன்றை மட்டும் வைத்திருப்பவர்களுக்கும் இதில் பாதி பொருந்தும். ஒரே பெட்டி மேடை முழுவதையும் விரித்துக் காட்டாது. ஆனாலும் அதை ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் இடையில் செருகாமல், மூலையைவிட்டு வெளியே, காது மட்டத்தில் ஒரு கெட்டியான பலகைமேல் வைத்தால் பேச்சு தெளிவாகும். தனி ஊஃபர் பெட்டி உள்ளவர்கள், அதை நாற்காலியின் மேலேயே வைத்துப் பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகக் குனிந்து நடந்து கேளுங்கள். கனத்த ஒலி எந்த இடத்தில் சீராக, இடிக்காமல் கேட்கிறதோ அங்கே ஊஃபரை வையுங்கள். வீட்டில் உள்ளவர்கள் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும்.

எல்லாம் செய்தும் கரகரப்பு போகவில்லை என்றால் பெட்டியின் முன்துணியைக் கழற்றி, பெரிய ஸ்பீக்கரின் காகிதக் கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். பழைய பெட்டிகள் பலவற்றில் அது ஃபோமால் ஆனது. நம் ஊர் வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் பத்துப் பதினைந்து வருடத்தில் அது பழைய ரஸ்க்போல உதிர்ந்துவிடும். விரலில் தூளாக வந்தால் இடத்தை மாற்றிப் பயனில்லை. ஆனால் அதற்கும் முழுப் பெட்டியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. விளிம்பை மட்டும் புதிதாக ஒட்டித் தரும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். கூலி எவ்வளவு என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். இரண்டு பெட்டிக்கும் ஒரே சமயத்தில் ஒரே வகை விளிம்பை ஒட்டச் சொல்லுங்கள்.